குடும்ப வாட்ஸாப் குரூப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடும்ப குரூப்பில் 64 பேர் இருக்கிறோம். 2016 தீபாவளிக்கு ஆரம்பித்தது, அட்மின் வேலை அன்றிலிருந்து என்னிடம்தான். இத்தனை வருஷத்தில் சொந்தக்காரர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. சிலது ஃபோன் சம்பந்தப்பட்ட கேள்வி, பெரும்பாலானவை மனுஷர் சம்பந்தப்பட்டவை. பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

எல்லா வீட்டிலும் இப்படி ஒரு குரூப் எப்படி வந்தது?

வாட்ஸாப் 2009-இல் அமெரிக்காவில் தொடங்கியது. 2014-இல் ஃபேஸ்புக் அதைச் சுமார் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஆனால் நம் அத்தைமார், பெரியப்பாமார் கைக்கு அது வந்து சேர்ந்தது 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான். அதுவரை எண்ணி எண்ணிச் செலவழித்த டேட்டா திடீரென்று சில மாதம் இலவசமாகவே கிடைத்தது. பிள்ளைகள் புது ஃபோன் வாங்கிக்கொண்டு பழையதை அம்மாவுக்குக் கொடுத்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஃபேஸ்புக்கில் கணக்குத் திறக்க ஒரு பெயர், பாஸ்வேர்டு, படம், அப்புறம் நட்பு அழைப்பு என்று ஏகப்பட்ட படிகள். வாட்ஸாப்புக்கு ஃபோன் நம்பர் போதும். நம்பர் ஏற்கெனவே சொந்தக்காரர்களிடம் இருக்கிறது. புதிதாக யாரையும் தேட வேண்டியதில்லை, உறவு இருந்தபடியே உள்ளே வந்துவிட்டது.

குரூப்பில் எல்லோரும் இருக்கிறோம். ஆனாலும் பேச்சு ஏன் வளர மாட்டேன் என்கிறது?

இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. நான் கண்ட வரையில் காரணம் இதுதான்: நாம் ஒவ்வொரு உறவிடமும் ஒவ்வொரு பேச்சு பேசிப் பழகியவர்கள். மாமனார் முன்னால் ஒரு குரல், மச்சானிடம் ஒரு குரல். பெரியப்பா திண்ணையில் இருந்தால் அடுக்களையில் பேச்சு தணியும், அவர் எழுந்து போனதும் மறுபடி சூடு பிடிக்கும். சின்னம்மாவிடம் சொல்வதை அத்தையிடம் சொல்ல மாட்டோம். ஒரே வீட்டுக்குள் நாலு இடத்தில் நாலு பேச்சு ஓடும், கல்யாண வீட்டில் போய்ப் பாருங்கள்.

குரூப்பில் திண்ணையும் அடுக்களையும் மாடியும் ஒன்றாகிவிட்டது. சம்பந்தி வீட்டாரும் இருக்கிறார்கள், பத்து வயசுப் பேத்தியும் இருக்கிறாள். எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் விழலாம் என்று சொல்லக்கூடிய பேச்சு என்ன மிச்சமிருக்கிறது? பிறந்தநாள் வாழ்த்து, சாமி படம், மழை நிலவரம், வந்த ஃபார்வர்டு. பாசம் குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. இடம் அப்படி.

அதனால்தான் ஒவ்வொரு பெரிய குரூப்புக்குப் பக்கத்திலும் நாலைந்து சின்ன குரூப் முளைக்கிறது. அக்கா தங்கைகள் மூன்று பேர், அத்தை பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் மட்டும், கல்யாண வேலைக்கு ஐந்து பேர் என்று. உண்மையான பேச்சு அங்கேதான் நடக்கிறது. பெரிய குரூப்பை ஊர் மந்தையாக வைத்துக்கொள்ளுங்கள், அங்கே குசுகுசுப்பை எதிர்பார்க்காதீர்கள்.

இன்ஸ்டாகிராம் மாதிரி இங்கே அல்காரிதம் கிடையாதே. அப்புறம் எது நம்மை மாற்றுகிறது?

குடும்ப குரூப்பில் செய்தி வந்த வரிசையில்தான் நிற்கும். எதை மேலே காட்டலாம் என்று யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஃபேஸ்புக் 2006-இல் நியூஸ் ஃபீடை, அதாவது மற்றவர்கள் போடுவதில் எதை நமக்குக் காட்டலாம் என்று தானே தேர்ந்தெடுக்கும் பக்கத்தை, கொண்டுவந்தபோது தொடங்கிய விஷயம் இங்கே இல்லை என்பது ஒரு நல்ல காரியம்தான்.

ஆனால் மாற்றம் வேறு வழியில் வருகிறது. ஃபார்வர்டு செய்ய ஒரு அம்புக்குறி, செய்தி போய்ச் சேர்ந்ததைக் காட்ட இரண்டு டிக், 'டைப் செய்கிறார்' என்று ஓடும் ஒரு வரி. இவற்றை எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து சில பொறியாளர்கள் முடிவு செய்தார்கள். அவர்களுக்கு நம் முறை தெரியாது. யாரை முதலில் அழைக்க வேண்டும், யாரிடம் எதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று நம் வீடுகளில் ஒரு முறை இருந்தது. இப்போது அந்தப் பட்டன்களே முறையாகிக்கொண்டு வருகின்றன. எனக்கு இதுதான் கவலை. கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் இருக்கும்.

காலை வணக்கம் படங்களை நிறுத்தச் சொல்லலாமா?

வேண்டாம் என்பேன்.

நம் ஆட்கள் அனுப்பும் காலை வணக்கம் எவ்வளவு என்றால், ஃபோன் நிரம்பி வழிகிறதே என்று பார்த்து, அந்தப் படங்களை மட்டும் தேடிப் பிடித்து அழிக்கும் வசதியை கூகுள் நிறுவனமே 2018-இல் தன் ஃபைல்ஸ் கோ செயலியில் சேர்த்தது. தொல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அனுப்புகிறவர் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா?

என் அத்தை ஒருத்தி விருதுநகர் பக்கம் தனியாக இருக்கிறாள். ஒரு தடவை அங்கே தங்கியிருந்தபோது பார்த்தேன். விடிகாலை. காப்பி டம்ளர் ஆறிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒற்றை விரலால் ரோஜாப்பூ படம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறாள். வாட்ஸாப்பில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்குத்தான் ஃபார்வர்டு செய்ய முடியும். அதனால் ஐந்து ஐந்தாக அனுப்புகிறாள். ஒவ்வொரு பெயரைத் தொடும்போதும் வாய்விட்டுச் சொல்கிறாள்: "மதுரைப் பெரியவன்... சேலத்துக்காரி... இவனுக்கு முட்டி வலி எப்படி இருக்கோ... பாலு... சின்னவ." ஐந்து முடிந்ததும் மறுபடி ஆரம்பம். இருபத்தைந்து பேருக்கு அரை மணி நேரம். என் பெயர் மூன்றாவது ஐந்தில் வந்தது.

அந்த அரை மணி நேரம்தான் செய்தி. நம் ஃபோனுக்கு வந்து விழுவது அதன் மேல் அட்டை மட்டும். அதற்கப்புறம் அவள் அனுப்பும் படத்துக்கு நான் கை கூப்பிய படம் போடுவதில்லை. "உடம்பு தேவலாமா அத்தை" என்று ஒரு வரி அனுப்புகிறேன், சில நாள் உடனே ஃபோன் அடிக்கிறாள்.

படம் சேர்ந்து ஃபோன் நிறைகிறது என்றால் செட்டிங்கில் 'ஊடகத் தானியங்கிப் பதிவிறக்கம்' என்பதை அணைத்து வையுங்கள். தொட்டால்தான் படம் இறங்கும். அத்தைக்குத் தெரிய வேண்டியதில்லை.

நீல டிக் வந்துவிட்டது, பதில் வரவில்லை. கோபப்படலாமா?

நீல டிக் வந்தது 2014 நவம்பரில். அதற்கு முன்னால் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாத காலத்தில் நாம் ஒருவரை ஒருவர் நம்பி இருந்தோம். இப்போது 'பார்த்துவிட்டு சும்மா இருக்கிறான்' என்பது ஒரு குற்றமாகிவிட்டது.

தனிப்பட்ட பேச்சில் இதை அணைத்து வைக்கலாம், ஆனால் அணைத்தால் மற்றவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாது. குரூப்பில் அணைக்க முடியாது. அங்கே ஒரு செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால் யார் யார் படித்தார்கள் என்று பட்டியலே வரும். எங்கள் வீட்டில் ஒரு காதுகுத்து விழாச் செய்தியை இப்படி அழுத்திப் பார்த்து, படித்தும் வாழ்த்தாத ஒன்பது பேரைக் குறித்து வைத்திருந்தார் ஒரு மாமா. அடுத்த பொங்கல் வரை பேச்சு இல்லை. அந்த ஒன்பது பேரில் ஒருத்தி அன்றைக்கு ஆஸ்பத்திரியில் தன் பிள்ளைக்கு ட்ரிப்ஸ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள். செய்தி திரையில் வந்தது, விரல் பட்டது, டிக் நீலமானது. அவ்வளவுதான் நடந்தது.

திரை திறந்திருந்தது என்பதை மட்டும்தான் அந்த டிக் சொல்லும். மனசு எங்கே இருந்தது என்று அதற்குத் தெரியாது. அந்தப் பட்டியலைப் பார்க்காமல் இருப்பதே நல்லது.

கல்யாணப் பத்திரிகையை வாட்ஸாப்பில் அனுப்பினால் போதுமா?

'இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்' என்ற வரியோடு இப்போது எல்லாப் பத்திரிகையும் வருகிறது. கொரோனா காலத்தில் அந்த வரிக்கு நியாயம் இருந்தது. 2020-இல் கல்யாணத்துக்கே ஐம்பது பேர்தான் என்று இருந்தபோது யார் வீட்டுக்குப் போக முடியும்? பிரச்சினை, அந்த வரி அப்படியே தங்கிவிட்டது.

பத்திரிகை வைப்பது என்றால் என்ன? தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பத்திரிகை. வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே போய் உட்கார்ந்து, அந்த வீட்டுத் தண்ணீர் குடித்து, "அவசியம் குடும்பத்தோட வரணும்" என்று சொல்வது. அந்த அரை மணி நேரத்தில்தான் மாமாவுக்குச் சர்க்கரை ஏறியிருப்பதும், அவர் மகள் வேலை மாறியிருப்பதும் தெரியவரும். பத்து வருஷத்து மனஸ்தாபம் அந்த ஒரு வாசல்படியில் தீர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். தேதியும் மண்டபமும் தெரிவிப்பது மட்டும் அழைப்பு அல்ல.

ஆனாலும் எல்லோர் வீட்டுக்கும் போவது இன்று ஆகிற காரியமில்லை. லீவு இல்லை, பெட்ரோல் விலை, சொந்தம் ஆறு மாவட்டத்தில் சிதறிக் கிடக்கிறது. நான் சொல்லும் வழி: தாய்மாமன், அத்தை, பெரியவர்கள், மனஸ்தாபம் உள்ளவர்கள் என்று ஒரு பட்டியல். இவர்கள் வீட்டுக்கு நேரில். இரண்டாவது பட்டியலுக்கு முதலில் ஃபோன், பேசி முடித்த பிறகு பத்திரிகைப் படம். மீதிப் பேருக்குத் தனித்தனியாகப் பெயர் போட்டு அனுப்புங்கள். குரூப்பில் போடுவது கடைசி. முதலில் குரூப்பில் போட்டுவிட்டு அப்புறம் நேரில் போனால், "அதான் குரூப்பில் பார்த்தோமே" என்று ஒரு வார்த்தை வரும். அது குத்தும்.

ஜிபே நம்பர் போட்ட பத்திரிகை பற்றியும் கேட்கிறார்கள். மொய் எழுதுவது நோட்டில் பெயரும் ஊரும் ஏறுகிற காரியம். வர முடியாதவர் தானாகக் கேட்டால் நம்பர் கொடுங்கள், பத்திரிகையில் அச்சிட வேண்டாம்.

துக்கச் செய்தியை குரூப்பில் போடலாமா?

போடலாம். எப்போது என்பதுதான் கேள்வி.

முன்பு ஆள் விட்டுச் சொல்வார்கள். கேதம் சொல்வது என்பார்கள், திருநெல்வேலிப் பக்கம் துட்டி என்பார்கள். சொல்ல வந்தவர் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். தூரத்தில் இருப்பவர்களுக்குத் தந்தி போகும். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவையே நின்றுபோனது. தந்தி என்றாலே வீடு பதறும், ஆனால் ஒன்று கவனியுங்கள்: தந்தி ஒரு விலாசத்துக்கு வரும். யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்கு வரும்.

எங்கள் குரூப்பில் நடந்ததைச் சொல்கிறேன். சித்தப்பா ஒருவர் இரவு பதினொன்றரைக்குத் தவறிவிட்டார். அங்கே இருந்த ஒருவர் பதற்றத்தில் பதினொன்று நாற்பதுக்கு குரூப்பில் போட்டுவிட்டார். சித்தப்பாவின் மகள் கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள், 'சீரியஸ்' என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். இருட்டில், பக்கத்து சீட்டில் முகம் தெரியாத ஆள், கையில் ஃபோன். 'ஆழ்ந்த இரங்கல்' என்று வரிசையாக இருபது செய்தி வந்து விழுந்தது. தன் அப்பா இறந்ததை அவள் அப்படித்தான் தெரிந்துகொண்டாள்.

அன்றைக்கு குரூப்பில் ஒரு முறை வைத்தோம். மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் வாயால் சொல்லியாகிவிட்டது என்று ஒருவர் உறுதி செய்யும் வரை குரூப்பில் யாரும் போடக் கூடாது. வெளியூரிலிருந்து வந்துகொண்டிருப்பவருக்கு, பக்கத்தில் துணை இருக்கும்போது மட்டும் சொல்ல வேண்டும். 'ஆர்ஐபி' வேண்டாம். ஒரு வரி எழுத முடிந்தால் இறந்தவரைப் பற்றி உங்களுக்கு ஞாபகம் இருப்பதை எழுதுங்கள். சித்தப்பாவுக்கு ஒருத்தர் எழுதியிருந்தார்: "எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்தது இவருதான், ரெண்டு தெரு பின்னாடியே ஓடி வந்தாரு." அவர் மகள் அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

பெரியப்பா பொய்யான ஃபார்வர்டு அனுப்புகிறார். எப்படித் திருத்துவது?

விளையாட்டான விஷயம் இல்லை இது. 2018-இல் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று தமிழ்நாடு முழுக்க வாட்ஸாப்பில் வதந்தி ஓடியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு சென்னைக் குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கூட்டம் சூழ்ந்து அடித்தது. அறுபதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் இறந்தே போனார். நாடெங்கும் இப்படி நடந்த பிறகுதான் 2018 ஜூலையில் இந்தியாவில் ஃபார்வர்டை ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸாப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலிலிருந்து, பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம். இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அந்த வகை என்று அர்த்தம்.

பெரியப்பாவிடம் குரூப்பில் வைத்து "இது பொய்" என்று எழுதாதீர்கள். மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் பார்க்கும் இடத்தில் அவரைத் திருத்தினால் அவர் செய்தியைப் பற்றி யோசிக்க மாட்டார், அவமானத்தைப் பற்றித்தான் யோசிப்பார். அடுத்த நாள் இன்னும் இரண்டு அனுப்புவார். தனியாக ஃபோன் போடுங்கள். "பெரியப்பா, நீங்க அனுப்பினதைப் பார்த்தேன், எங்கிருந்து வந்துச்சு?" என்று கேளுங்கள். பாதி நேரம் "நம்ம ரிட்டயர்டு ஆபீசர் அனுப்பினாருப்பா" என்பார். செய்தியை அவர் நம்பவில்லை, அனுப்பியவரை நம்பியிருக்கிறார். அந்த இடத்திலிருந்து பேச ஆரம்பிக்கலாம். "நீங்களே குரூப்பில் அது சரியில்லைன்னு போட்டுடுங்க, நீங்க சொன்னாத்தான் எல்லாரும் கேப்பாங்க" என்றால் பெரும்பாலும் போட்டுவிடுவார்.

மருந்து, சிகிச்சை பற்றிய பொய்யும், ஒரு சாதி, மதத்துக்கு எதிரான பொய்யும் மட்டும் விதிவிலக்கு. அதை நான் உடனே நீக்கிவிட்டு அப்புறம் ஃபோன் செய்வேன்.

யாரோ போட்டதற்கு அட்மின் மேல் கேஸ் வருமா?

அட்மினாக இருப்பதற்காக மட்டுமே ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்புச் சொன்னது. அட்மினும் சேர்ந்து செய்திருந்தால் கதை வேறு.

வளைகுடாவில் இருக்கும் தம்பிக்கு வீடியோ கால் போகவில்லை. என்ன செய்வது?

துபாய், அபுதாபி என்றால் வாட்ஸாப் வழியாகக் குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் பல வருஷமாகவே அங்கே தடுக்கப்பட்டிருக்கிறது. வாய்ஸ் மெசேஜ் போகும்.

எனக்கு அது குறையாகவும் தெரியவில்லை. 80-களில் வளைகுடா போனவர்கள் வீட்டில் டேப் ரிக்கார்டர் வைத்து, கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். இங்கே எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நடுவில் கோழி கத்துவதும் கேட்கும். அம்மாவை ஐந்து நிமிஷம் பேசவிட்டுப் பதிந்து அனுப்புங்கள். தம்பி வேலை முடிந்து வந்து, படுக்கையில் சாய்ந்து, வேண்டிய மட்டும் கேட்கலாம். வீடியோ காலில் "சாப்டியா, அங்க மணி என்ன" என்பதோடு முடிந்துவிடுகிற பேச்சு, பதிவில் எங்கெங்கோ போகிறது.

அம்மாவுக்குத் தமிழில் டைப் செய்ய வரவில்லை.

கீபோர்டில் இருக்கும் மைக்கைத் தொட்டுப் பேசச் சொல்லுங்கள். 2017-இல் கூகுள் தமிழுக்குக் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் அம்மா இப்போது பத்தி பத்தியாக அனுப்புகிறாள். புள்ளி, கமா எதுவும் இருக்காது, நடுவில் குக்கர் விசில் போட்டால் அதற்கும் ஒரு சொல் விழும். திருத்த வேண்டாம். அவள் பேசுகிற தமிழ் அப்படியே எழுத்தில் வருவதை நான் வாழ்க்கையில் இப்போதுதான் பார்க்கிறேன்.

குரூப்பிலிருந்து விலகினால் தப்பா?

2022 ஆகஸ்டில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, விலகினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். அதற்கு முன்னால் எல்லோர் திரையிலும் வரும், ஏதோ சண்டை போட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போன மாதிரி. மூச்சு முட்டுகிறது என்றால் விலகுங்கள். அப்பாவிடமோ அம்மாவிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விலகுங்கள், அவர்களிடம்தான் மற்றவர்கள் கேட்பார்கள்.

இறந்தவரின் நம்பரை குரூப்பிலிருந்து எடுத்துவிட வேண்டுமா?

இதைக் கேட்கிறவர்கள் எப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள்.

நீங்கள் எடுக்காவிட்டாலும் ஒரு நாள் அது தானாகப் போய்விடும். 120 நாள் இணையத்தோடு தொடர்பே இல்லாத கணக்கை வாட்ஸாப் பொதுவாக நீக்கிவிடும். 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையத்தை முடக்கினார்கள். சரியாக நாலு மாதம் கழித்து, டிசம்பர் தொடக்கத்தில், நாடெங்கும் உள்ள குரூப்களில் காஷ்மீர்க்காரர்கள் ஒவ்வொருவராக 'வெளியேறினார்' என்று திரையில் வந்தது. அவர்கள் எதையும் தொடவில்லை, உயிரோடு அங்கேதான் இருந்தார்கள்.

இன்னொன்று, ரீசார்ஜ் செய்யாத நம்பரைத் தொலைபேசி நிறுவனம் சில காலம் கழித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடும். இறந்தவர் பெயரில் முகம் தெரியாத ஒருவர் படம் வந்து நிற்கும். அதனால் எடுப்பதாக இருந்தால் நாற்பதாம் நாளோ வருஷத் திதியோ முடிந்த பிறகு, வீட்டாரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். முதலில் அவர் அனுப்பிய குரல் பதிவுகளையும் படங்களையும் வேறு இடத்தில் சேமித்துக் கொடுங்கள்.

சித்தப்பாவின் நம்பர் எங்கள் குரூப்பில் இன்னும் இருக்கிறது. சித்தி அந்த ஃபோனைச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள். மாதம் ஒரு தடவை பையன் ரீசார்ஜ் போட்டு, சார்ஜ் ஏற்றி, ஆன் செய்கிறான். அப்போது ஒரு மாதத்துச் செய்தியும் மொத்தமாக வந்து இறங்கும். அத்தையின் ரோஜாப்பூக்களும் அதில் இருக்கும்.